மினிபைக்கின் ஆக்சிலேட்டர் கேபிள்: கவர்னரிடமா, கார்புரேட்டரிடமா?

அமெரிக்கக் கொல்லைப்புறங்களில் சிறுவர்களும், சிறுவர்களாகவே இருந்துவிட ஆசைப்படும் பெரியவர்களும் ஓட்டித் திரியும் மினிபைக்கில் ஒரு பிறவி முரண் உண்டு. அதன் எஞ்சின் வண்டிக்காகச் செய்யப்பட்டதல்ல. தண்ணீர் இறைக்கவும் புல் வெட்டவும் ஜெனரேட்டர் சுழற்றவும் செய்யப்பட்டது. அந்த வேலைகளில் எஞ்சினிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: சுமை ஏறினாலும் இறங்கினாலும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். வண்டி ஓட்டுபவருக்கு வேண்டியதோ நேர்மாறானது. கையை முறுக்கினால் வேகம் ஏற வேண்டும், விட்டால் இறங்க வேண்டும், நிற்கும்போது எஞ்சின் மட்டும் ஓடி, சக்கரம் அசையாமல் இருக்க வேண்டும்.

இந்த இரண்டு எதிர்பார்ப்புகளுக்கும் நடுவே ஓடுவது ஆக்சிலேட்டர் கேபிள். ஹேண்டில்பாரிலிருந்து எஞ்சின்வரை ஒரு கேபிளை இழுத்து மாட்டுவது அரைமணி நேர வேலை என்றுதான் தோன்றும். கிரிப் பக்கத்து முனையில் குழப்பம் எதுவும் இல்லை. மறுமுனையை எங்கே மாட்டுவது என்பதில்தான் வண்டியின் குணம், வேகம், எஞ்சினின் ஆயுள், சில சமயம் ஓட்டுபவரின் முழங்கால் எல்லாமே அடங்கியிருக்கின்றன. கார்புரேட்டரை நேரடியாகத் திறப்பதா, கவர்னர் வழியாகத் திறப்பதா என்ற இந்த விவாதம் மினிபைக் கட்டுபவர்களிடையே பல பத்தாண்டுகளாக ஓயவில்லை.

முதலில் அந்த எஞ்சினைப் பற்றி. அமெரிக்க வீட்டு மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இருதுருவ ஜெனரேட்டர் அந்த அதிர்வெண்ணைத் தர வேண்டுமானால் நிமிடத்துக்கு 3600 முறை சுழல வேண்டும். இந்தியாவின் 50 ஹெர்ட்ஸுக்கு 3000 சுற்றே போதும். புல்வெட்டும் இயந்திரங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. அலகின் நுனி நிமிடத்துக்கு 19,000 அடிக்கு மேல் விரையக் கூடாது என்பது அங்குள்ள பாதுகாப்புத் தரம். இப்படிப் பல பக்கத்திலிருந்தும் வந்த நெருக்குதலில், சிறு எஞ்சின் உலகம் 3600 என்ற எண்ணைச் சுற்றியே தன் இணைப்புத்தண்டையும் வால்வு ஸ்பிரிங்கையும் ஃபிளைவீலையும் அளவெடுத்துச் செய்துகொண்டது.

இன்றைய மினிபைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலவடிவம் ஹோண்டாவின் ஜிஎக்ஸ் வரிசை. அந்த வரிசை 1983இல் வெளிவந்தது. அதில் ஜிஎக்ஸ்200 என்பது 196 சிசி. சிலிண்டர் விட்டம் 68 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 54 மில்லிமீட்டர். ஐடிலிங்கில் 1400 சுற்று, சுமையில்லாமல் உச்சத்தில் 3850 சுற்று. இரண்டிலும் சிறிது கூடலாம், குறையலாம் என்கிறது கம்பெனி அளவு. சீனத் தொழிற்சாலைகள் இதே வடிவில் மலிவாக எஞ்சின்களைச் செய்து குவித்தன. ஹார்பர் ஃபிரெய்ட் கடைகளில் விற்கும் பிரெடேட்டர் 212, கோல்மன் சிடி200யு மினிபைக்கில் வரும் 196 சிசி எஞ்சின் எல்லாம் இந்தக் குடும்பத்தின் பங்காளிகளே. ஆகவே ஒன்றில் கேபிள் மாட்டக் கற்றவருக்கு மற்றது பெரிதாகப் புதிராக இருக்காது.

எஞ்சினைப் பிடுங்கி வண்டியில் வைக்கும் பழக்கம் ஜிஎக்ஸுக்கு வெகு முந்தியது. 1950களில் கார் பந்தயத் திடல்களின் பின்புறத்தில் ஆட்கள் போய்வர, குழாய்ச் சட்டத்தில் புல்வெட்டும் எஞ்சினைப் பொருத்திய குட்டி வண்டிகள் ஓடின. 1960களில் அது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. ஒஹையோ மாநிலம் மான்ஸ்ஃபீல்டில் மினிபைக் செய்த மிக்கி ரப், 1965 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஆறாவதாக வந்தவர். அவர் வண்டிகளில் டெகும்ஸே எஞ்சின்கள் இருந்தன. பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் எஞ்சினோடு வீட்டுக் கொட்டகையில் பற்றவைத்துக் கட்டிய வண்டிகளுக்குக் கணக்கே இல்லை. டெகும்ஸே 2008இல் சிறு எஞ்சின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய எஞ்சின்களைத் தேடிப்பிடித்து உயிர்கொடுப்போர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கடைசியில் வந்து நிற்பது இதே கேபிள் கேள்விதான்.

இனி கவர்னர். இதைப் புரிந்துகொள்ளாமல் கேபிளைத் தொடுவதில் பயனில்லை என்பதால் இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எஞ்சினுக்குப் பொருத்திய சுழலும் இரும்புக் குண்டுகளின் தத்துவம், இந்தச் சிறு எஞ்சினின் வயிற்றுக்குள்ளும் இருக்கிறது. ஆயில் நிறைந்த கிராங்க் அறைக்குள் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம். அதில் இரண்டு மூன்று சிறு எடைகள். எஞ்சின் வேகம் ஏறினால் எடைகள் வெளிப்பக்கம் விரிகின்றன. விரிந்தால் ஒரு குமிழைத் தள்ளுகின்றன. குமிழ், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தண்டைத் திருப்புகிறது. தண்டில் இறுக்கியிருக்கும் கவர்னர் கை, ஒரு மெல்லிய கம்பி வழியாக, கார்புரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் தகடான பட்டர்ஃபிளையை மூடுகிறது. எதிர்ப்பக்கத்தில் ஒரு ஸ்பிரிங், பட்டர்ஃபிளையைத் திறக்க இழுத்துக்கொண்டே இருக்கிறது. எடைகள் மூடப் பார்க்கின்றன, ஸ்பிரிங் திறக்கப் பார்க்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாக நிற்கும் புள்ளிதான் எஞ்சினின் வேகம்.

எஞ்சினின் மேலே தெரியும் கன்ட்ரோல் லீவர் பட்டர்ஃபிளையைத் தொடுவதே இல்லை. அது அந்த ஸ்பிரிங்கின் மறுமுனையைப் பிடித்திருக்கிறது. லீவரைத் தள்ளினால் ஸ்பிரிங் கூடுதலாக இழுபடுகிறது. அந்த இழுப்பைச் சமன் செய்ய எடைகள் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். ஆகவே எஞ்சின் வேகம் ஏறுகிறது. பட்டர்ஃபிளை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைக் கவர்னர் பார்த்துக்கொள்ளும். லீவர் சொல்வது எந்த வேகம் வேண்டும் என்பதை மட்டும். மோட்டார் சைக்கிள் கிரிப்புக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இதுவே.

புதிதாக எஞ்சின் வாங்கியவர்களைக் குழப்பும் ஒரு காட்சி இதிலிருந்து விளங்கிவிடும். எஞ்சின் நின்றிருக்கும்போது லீவரை வேகப் பக்கம் தள்ளினால் பட்டர்ஃபிளை முழுக்கத் திறந்து அப்படியே நிற்கும். சிக்கிக்கொண்டது என்று நினைத்துப் பலர் கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். கழற்றத் தேவையில்லை. எஞ்சின் சுழலாதபோது எடைகளுக்கு வலு கிடையாது, ஸ்பிரிங் தன்னிச்சையாக இழுத்துத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்த மறுநொடி கவர்னர் அதைத் தேவையான அளவுக்கு மூடிவிடும்.

வேகம் தானாக ஏறி இறங்கி ஊசலாடும் நோயும் கவர்னரின் கூடப்பிறந்தது. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868இல் கவர்னர்களின் நிலைத்தன்மையைப் பற்றி ஓர் ஆய்வுரையே எழுதினார். மினிபைக்கில் இந்த ஊசலாட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் கணிதச் சிக்கல் அல்ல. தேய்ந்து ஓட்டை பெரிதான இணைப்புகளும், அடைத்துக்கொண்ட கார்புரேட்டர் ஜெட்டுமே. பட்டர்ஃபிளைக்குப் போகும் கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய ஸ்பிரிங் இருக்கும். அந்தக் கம்பியின் ஆட்டத்தைத் தாங்கிப் பிடிப்பதே அதன் வேலை. உபரிச் சாமான் என்று நினைத்து அதைக் கழற்றி எறிந்தவர்களின் எஞ்சின்கள் அழுதுகொண்டே ஓடுகின்றன.

கேபிளுக்கு வருவோம். வெளியுறைக்குள் கம்பி நகரும் இந்த ஏற்பாட்டுக்கு எர்னஸ்ட் மானிங்டன் பவுடன் 1896இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். ராலே சைக்கிள் நிறுவனத்தின் ஃபிராங்க் பவுடன்தான் கண்டுபிடித்தார் என்று பெயர் ஒற்றுமையால் இன்றும் தவறாக எழுதுகிறார்கள். கேபிளின் நுட்பம் உள்கம்பியில் மட்டும் இல்லை. உள்ளே எவ்வளவு இழுவிசையோ அவ்வளவு அமுக்கு விசையை வெளியுறை தாங்குகிறது. அதனால்தான் உறையின் இரு முனைகளும் அசையாமல் எதிலாவது முட்டி நிற்க வேண்டும். எஞ்சின் பக்கம் உறையைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தால், கிரிப்பை முறுக்கும்போது கம்பிக்குப் பதில் உறையே நகர்ந்து போகும். ‘கேபிள் மாட்டினேன், ரேஸ் ஏறவே இல்லை’ என்ற புகார்களில் பல இந்தக் கிளாம்ப்பின் ஸ்குரூவில் தீர்ந்துவிடும்.

கேபிளில் இரண்டு சாதி உண்டு. புல்வெட்டும் இயந்திரத்தில் வருவது திரிக்காத ஒற்றைக் கம்பி. விறைப்பாக இருப்பதால் இழுக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும். மினிபைக்கின் ட்விஸ்ட் கிரிப்பில் வருவது பல இழைகளைத் திரித்த மெல்லிய கம்பி; அதற்கு இழுக்க மட்டுமே தெரியும். தள்ளினால் மடங்கும். இந்த வேறுபாட்டை ஜிஎக்ஸ் எஞ்சினோடு வரும் கையேடே குறிப்பிடுகிறது. திரித்த கம்பியைப் பயன்படுத்துவதானால் லீவருக்கு ஒரு திரும்பு ஸ்பிரிங் சேர்க்க வேண்டும். கேபிளால் இயக்கும்போது லீவரின் உராய்வு நட்டையும் தளர்த்த வேண்டும்.

அந்த உராய்வு நட்டு, பம்புசெட்டுக்கும் வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தின் அடையாளம். பம்பில் லீவரை எங்கே வைத்தாலும் அங்கேயே நிற்க வேண்டும். அதற்காக நட்டை இறுக்கி வைத்திருக்கிறார்கள். அதே இறுக்கத்தோடு கேபிளை மாட்டி வண்டியில் ஏறினால் என்ன ஆகும்? ஓட்டுபவர் கிரிப்பை முறுக்குவார், வேகம் ஏறும், கையை விடுவார், லீவர் திரும்பி வராது. வேலி நெருங்கிக்கொண்டிருக்கும்.

ஆக, முதல் வழி, கவர்னரோடு சேர்ந்து வாழும் வழி இதுதான். கேபிளின் கிரிப் பக்க முனையில் உருளை வடிவ நிப்பிள் இருக்கும். அதைக் கிரிப்பின் பள்ளத்தில் உட்கார வைப்பார்கள். எஞ்சின் பக்கத்தில் உறையைக் கன்ட்ரோல் தகட்டிலுள்ள கிளாம்ப்பில் கவ்வி, உள்கம்பியை லீவரின் துளைக்குக் கொண்டுபோய், ஸ்குரூ வைத்த பித்தளை நிறுத்தியால் பூட்டுவார்கள். உராய்வு நட்டைத் தளர்த்தி, திரும்பு ஸ்பிரிங்கை மாட்டினால் முடிந்தது. கம்பியை வெட்டுவதற்கு முன் வெட்டும் இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொள்வது நல்ல பழக்கம். இல்லாவிட்டால் இழைகள் பிரிந்து துளையில் நுழைய மறுக்கும், நுழைந்தாலும் ஸ்குரூ அவற்றில் பாதியைத்தான் பிடிக்கும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். கிரிப்பின் உட்புற உருளைக்கு 15 மில்லிமீட்டர் ஆரம் என்று வைத்துக்கொண்டால், கால் சுற்று முறுக்கினால் கம்பி ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் இழுபடும். லீவர் ஐடிலிங்கிலிருந்து உச்சம்வரை போக அதில் எவ்வளவு தேவை என்பது, கம்பியை லீவரின் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. அச்சுக்குப் பக்கத்தில் மாட்டினால் சிறிது முறுக்கினாலே எஞ்சின் உச்சத்துக்குப் பாயும், கிரிப்பும் கனக்கும். தள்ளி மாட்டினால் கை மென்மையாக இருக்கும். ஆனால் கிரிப் முழுக்கத் திரும்பியும் லீவர் உச்சத்தைத் தொடாமல் போகலாம். இரண்டு துளைகளிலும் மாட்டிப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு மந்திரம் இல்லை.

இழுக்கும் திசையும் ஒரு தொல்லை. லீவர் வேகப் பக்கம் போகும் திசையிலேயே கேபிள் இழுக்க வேண்டும். எஞ்சினைச் சட்டத்தில் வைத்தபின் ஹேண்டில்பார் பல சமயம் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். கேபிளை ஒரு பெரிய வளைவாகச் சுற்றிக் கொண்டுவருவதா, கிளாம்ப்பை மறுபக்கம் மாற்ற ஒரு தகடு வெட்டுவதா என்று அப்போது முடிவெடுக்க வேண்டும். தகடு வெட்டுவதே மேல். கூர்மையான வளைவு ஒவ்வொன்றும் உராய்வைக் கூட்டும். அந்த உராய்வை வெல்ல ஸ்பிரிங்கைக் கூட்டினால் கட்டைவிரலுக்குக் கீழே வலி வரும்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. சோக் லீவரும் கன்ட்ரோல் லீவரும் அருகருகே இருப்பதால், கேபிளைச் சோக்கில் மாட்டிவிட்டு, முறுக்கினால் எஞ்சின் இருமி நிற்கிறதே என்று திகைப்பவர்கள் உண்டு.

கேபிளை மாட்டியபின் கம்பியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு விட வேண்டும். ஏன் என்பதற்கு விடை கிளட்ச்சில் இருக்கிறது. மினிபைக்கில் கிளட்ச் லீவர் கிடையாது. மையவிலக்குக் கிளட்ச் சுமார் 1800 முதல் 2200 சுற்றில் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஐடிலிங் 1400. நடுவில் உள்ள இடைவெளி அவ்வளவு பெரிதில்லை. கேபிள் இறுக்கமாக இருந்து ஐடிலிங் 1900க்கு ஏறினால், கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்த உடனே வண்டி ஆளில்லாமல் புறப்பட்டுவிடும். அல்லது பிரேக்கைப் பிடித்து நிற்கும் நேரமெல்லாம் கிளட்ச் வழுக்கி வழுக்கிச் சூடேறிக் கருகும்.

பழைய எஞ்சின்களில் இதே தத்துவம் வேறு உருவில் இருக்கும். பிரிக்ஸ் எஞ்சின்கள் பலவற்றில் எடைகளுக்குப் பதில் காற்றுத் தகடு. ஃபிளைவீல் வீசும் குளிர்காற்று அந்தத் தகட்டைத் தள்ளிப் பட்டர்ஃபிளையை மூடும். அழகுக்காக மேல்மூடியைக் கழற்றி ஓட்டினால் காற்றுத் திசை மாறி, கவர்னர் வேலை செய்யாமல் எஞ்சின் கட்டுப்பாடின்றிப் பாயும்.

கவர்னர் வழியாக ஓட்டுவது எப்படி இருக்கும்? பழகியவர்கள் சொல்லும் குறை, மந்தம். கிரிப்பை முறுக்கினால் எஞ்சின் யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. 3600ஐத் தொட்டதும் மேலே போக மறுக்கிறது. அவர்கள் சொல்லாமல் விடும் நிறையும் ஒன்று உண்டு. மேட்டில் ஏறும்போது கையை அசைக்காமலே கவர்னர் பட்டர்ஃபிளையைத் திறந்து வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும். இறக்கத்தில் தானே மூடும். பத்து வயதுப் பிள்ளைக்குத் தரும் வண்டியில் இதைவிட நல்ல குணம் வேறென்ன வேண்டும்?

இரண்டாவது வழி, கவர்னரை ஓரங்கட்டிவிட்டுக் கேபிளை நேராகப் பட்டர்ஃபிளையின் கையில் மாட்டுவது. கிரிப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் யாரும் இல்லை. மோட்டார் சைக்கிள்போல உடனே பாயும். இதற்கான தகடும் ஸ்பிரிங்கும் சேர்ந்த செட்டுகள் அமெரிக்காவில் மலிவாகவே கிடைக்கின்றன. ஆசை வருவது இயல்பு. கணக்கைப் பார்த்தால் தயக்கமும் வரும்.

எஞ்சின் பக்கம் 10 பல், சக்கரப் பக்கம் 60 பல் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளலாம். 3600 சுற்றில் சக்கரம் 600 முறை சுழலும். டயரின் விட்டம் 35 சென்டிமீட்டர் என்றால் வேகம் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கவர்னர் இல்லாமல் 5400 சுற்றுக்குப் போனால் 60 கிலோமீட்டர். ஒன்றரை மடங்கு வேகம்தானே என்று தோன்றும். ஆனால் பிஸ்டனும் இணைப்புத்தண்டும் தாங்க வேண்டிய விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. அது இரண்டேகால் மடங்கு. ஃபிளைவீலைப் பிய்க்கப் பார்க்கும் விசையும் அதே இரண்டேகால் மடங்கு. கம்பெனி இணைப்புத்தண்டு வார்ப்பு அலுமினியம். அதன் பெரிய முனையில் தனிப் பேரிங் கிடையாது. ஆயில் பம்பும் இல்லை, தண்டின் அடியிலுள்ள சிறு கரண்டி வாரித் தெளிக்கும் ஆயில்தான் எல்லாம். தண்டு முறிந்தால் கிராங்க் அறையில் ஓட்டை விழும், பணம் போகும். ஃபிளைவீல் வெடித்தால் போவது பணம் மட்டுமல்ல. அதன் துண்டுகள் பறக்கும் இடம் ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவே.

இதனால்தான் இதே எஞ்சினைக் கவர்னர் இல்லாமல் ஓட்டும் கோ-கார்ட் பந்தயங்கள் பலவற்றில், திட உலோகத்தில் கடைந்தெடுத்த ஃபிளைவீல் கட்டாயம். விவரம் தெரிந்தவர்கள் இணைப்புத்தண்டையும் வால்வு ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். செலவு எஞ்சின் விலையைத் தாண்டிவிடும். அதைச் செய்தவர் நேரடிக் கேபிள் மாட்டுவதில் தவறில்லை; பிரேக்கையும் அதற்கேற்ப மாற்றியிருந்தால்.

சிக்கல் அரைகுறையாகச் செய்பவர்களால் வருகிறது. கவர்னர் கையைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தையும் எடைகளையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அவை 3600க்காகச் செய்யப்பட்டவை. 5000க்கு மேல் சுழன்று உடைந்தால் துண்டுகள் ஆயிலோடு கலந்து பேரிங்குகளைத் தேடிப் போகும். முழுதாக எடுப்பதானால் பக்க மூடியைத் திறந்து, பல்சக்கரத்தை எடுத்து, கவர்னர் தண்டு வெளியே வந்த துளையையும் அடைக்க வேண்டும். இல்லையேல் ஆயில் ஒழுகும். இன்னும் சிலர் கவர்னரைக் கழற்றாமலே கேபிளைப் பட்டர்ஃபிளையில் மாட்டுவார்கள். அப்போது கை ஒரு பக்கம் இழுக்க, எடைகள் மறுபக்கம் இழுக்க, நடுவில் மாட்டிய மெல்லிய கம்பி வளையும்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் இருக்கிறது. பலருக்கு அதுவே போதும் என்பது என் கட்சி. கன்ட்ரோல் தகட்டில் உச்ச வேகத்தை நிர்ணயிக்கும் ஒரு நிறுத்த ஸ்குரூ உண்டு. டேகோமீட்டரை வைத்துக்கொண்டு, அதைக் கம்பெனி அளவான 3850க்குச் சரியாகக் கொண்டுவந்தாலே பல வண்டிகள் விழித்துக்கொள்கின்றன. வாங்கும்போதே அதைவிடக் குறைவாக வைத்து விற்பதும் உண்டு. கவர்னர் கை தண்டில் நழுவியிருந்தாலும் எஞ்சின் மந்தமாகும். அதன் கவ்வு நட்டைத் தளர்த்தி, கையைப் பட்டர்ஃபிளை முழுக்கத் திறக்கும் பக்கம் நகர்த்திப் பிடித்து, தண்டையும் அதே திசையில் நிற்கும்வரை திருப்பி, மறுபடி இறுக்க வேண்டும். கவர்னரைக் குறைசொல்பவர்களில் எத்தனை பேர் இந்த அமைப்பை ஒருமுறையாவது சரிபார்த்திருப்பார்கள் என்பது சந்தேகமே.

மூன்றாவது வழி கார்புரேட்டரையே மாற்றுவது. பட்டர்ஃபிளைக்குப் பதில் ஸ்லைடு கார்புரேட்டர். மிக்குனி விஎம்22ம் அதன் நகல்களும் மினிபைக் உலகில் பிரபலம். இதில் கேபிள் மேல்மூடி வழியாக நேராக உள்ளே இறங்கி, உருளை வடிவ ஸ்லைடைத் தூக்குகிறது. மேலிருக்கும் ஸ்பிரிங் அதை அமுக்குகிறது. லீவர், கை, இணைப்புக் கம்பி எதுவும் இல்லை. தமிழ்நாட்டு மெக்கானிக்குகளுக்கு இது கைப்பழக்கம். கார்புரேட்டர் காலத்து டூவீலர்களில் பலவற்றில் அவர்கள் மாற்றிய கேபிள் போய்ச்சேர்ந்த இடம் இத்தகைய ஸ்லைடுதான். மிக்குனியோடு கூட்டுச்சேர்ந்து கார்புரேட்டர் செய்த யூகால் நிறுவனத்துக்குச் சென்னையை அடுத்த மறைமலைநகரில் ஆலை உண்டு. மினிபைக்கில் இந்த வழியின் நிபந்தனை ஒன்றே: ஸ்லைடு வந்தால் கவர்னருக்கு வேலை இல்லை. எனவே இரண்டாவது வழிக்குச் சொன்ன எச்சரிக்கை எல்லாம் இதற்கும் பொருந்தும்.

எந்த வழியானாலும் கேபிள் போகும் பாதைக்குத் தனிக் கவனம் வேண்டும். இது வீட்டில் வண்டி கட்டுபவர்களின் கவலை மட்டும் இல்லை. 2010இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தோடு சேர்ந்து பாஜா மோட்டார்ஸ்போர்ட்ஸ் நிறுவனம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மினிபைக்குகளையும் கோ-கார்ட்களையும் திரும்ப அழைத்தது. ஒரு காரணம் பெட்ரோல் டேங்க் மூடி கசிவது. மற்றது, பெட்ரோல் குழாயும் ஆக்சிலேட்டர் கேபிளும் சரியான இடத்தில் பொருத்தப்படாததால் ஆக்சிலேட்டர் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பது. கார்புரேட்டரில் தவறில்லை, கவர்னரில் தவறில்லை. குழாயும் கேபிளும் இருந்த இடம்தான் குற்றவாளி.

சைலன்சர் இந்தக் குட்டி வண்டியில் எதற்கும் எட்டிய தூரத்தில்தான் இருக்கும். கேபிளின் உள்ளே நைலான் பூச்சு இருந்தால் சூட்டில் அது இளகிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். செயினுக்கும் கிளட்ச்சுக்கும் பக்கத்தில் போனால் உறை தேய்ந்து அறுபடும். கேபிள் நீளமாக இருக்கிறது என்று சுருட்டிக் கட்டுவதும் கூடாது. உறையையும் கம்பியையும் சேர்த்துச் சரியான அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். உறையை வெட்டிய முனையை அரத்தால் தேய்த்து மட்டப்படுத்தினால் கம்பி உரசாது. ஹேண்டில்பார் கடைசிவரை திரும்பும்போது கேபிள் இழுபடாத அளவு தளர்வு வேண்டும்.

சோதனை செய்யும் முறையும் இதிலிருந்தே வருகிறது. எஞ்சின் ஓடாத நிலையில் கிரிப்பை முழுக்க முறுக்கி விட்டால், அது டக்கென்ற சத்தத்தோடு தானாகத் திரும்ப வேண்டும். மெல்ல ஊர்ந்து வந்தால் எங்கோ உராய்வு இருக்கிறது. ஹேண்டில்பாரை இடது கடைசியிலும் வலது கடைசியிலும் வைத்து இதையே மறுபடி செய்ய வேண்டும். பிறகு பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கிரிப்பைத் தொடாமல் ஹேண்டில்பாரை மட்டும் இரு பக்கமும் திருப்ப வேண்டும். எஞ்சின் சத்தம் துளி ஏறினாலும் கேபிள் குட்டை. அப்படியே விட்டால் முதல் சவாரியில் வளைவில் திரும்பும்போது வண்டி தானே வேகமெடுக்கும். அப்போது கண்டுபிடிப்பதைவிட ஸ்டாண்டில் கண்டுபிடிப்பது நல்லது.

பேட்டரி மினிபைக்குகளில் இந்தக் கேபிளே இல்லை. கிரிப்புக்குள் ஒரு காந்தமும் ஹால் சென்சாரும். முறுக்கிய அளவுக்கு மின்னழுத்தம் மாறும். கன்ட்ரோலர் அதைப் படித்து மோட்டாருக்கு மின்சாரம் தரும். ஒயர் அறுந்து மின்னழுத்தம் எல்லைக்கு வெளியே போனால் பழுது என்று கொண்டு மோட்டாரை நிறுத்திவிடும்படி பல கன்ட்ரோலர்களை அமைத்திருக்கிறார்கள். ஹோண்டாவும் ஐஜிஎக்ஸ் வரிசையில் எடைகளை விட்டுவிட்டு மின்னணுக் கவர்னரால் பட்டர்ஃபிளையை இயக்குகிறது. விலை காரணமாக அது மினிபைக் கொட்டகைகளுக்கு வந்துசேரவில்லை.

கேபிள் வண்டிக்கு அப்படிப்பட்ட தற்காப்பு தானாக வராது. நாம்தான் சேர்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் பெரும்பாலும் எஞ்சினின் மேலேயே இருக்கிறது. ஆக்சிலேட்டர் சிக்கிய நொடியில் குனிந்து அதைத் தேட முடியாது. ஜிஎக்ஸ் வகை எஞ்சினில் இக்னிஷன் காயிலிலிருந்து வரும் நிறுத்து ஒயரைச் சட்டத்தோடு தொடவைத்தால் தீப்பொறி நின்றுவிடும். அந்த ஒயரிலிருந்து ஒரு கிளையை ஹேண்டில்பார்வரை நீட்டி, கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச் வைத்தால் போதும். கேபிள் போகும் பாதையிலேயே இந்த ஒயரும் போகலாம்; கேபிளைக் கட்டும் டேக்குகளே இதற்கும் ஆகும்.